பழைய காரின் பெட்ரோல் டேங்கில் துரு: கழுவினால் போதுமா, மாற்ற வேண்டுமா?

பழைய அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை பழக்கமாக இருக்கும். காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகும், ஊருக்குள் ஒழுங்காக ஓடும், பைபாஸில் ஏறி டாப் கியர் போட்டு எழுபதைத் தொட்டதும் வண்டி விக்கும், இழுக்காது, ஓரம் கட்ட வேண்டியதுதான். பத்து நிமிஷம் நின்றுவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பொறி கொடுக்கிற பாயிண்டை மாற்றுவோம், காயிலை மாற்றுவோம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்ப்பரேட்டரைப் பிரித்துக் கழுவுவோம். இரண்டு நாள் சரியாக இருக்கும், மூன்றாம் நாள் அதே கதை.

எங்கள் வீட்டு 1984 மாடல் அம்பாசடர், மார்க் 4, இப்படித்தான் ஒரு மழைக்காலம் முழுக்க எங்களை அலையவிட்டது. கடைசியில் ஒரு நாள் பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கவிழ்த்தேன். பெட்ரோல் கட்டஞ்சாயா நிறத்தில் இருந்தது, அடியில் டீத்தூள் மாதிரி செம்பழுப்பாகப் படிந்திருந்தது. பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்து மெல்ல நகர்த்திப் பார்த்தால், அந்தத் துகளில் கொஞ்சம் காந்தத்தோடு கூடவே நகர்ந்தது. அப்புறம் சந்தேகமே இல்லை, டேங்க் உள்ளே துருப்பிடித்துக் கிடக்கிறது.

அந்தப் பத்து நிமிஷ ஓய்வில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. டேங்கின் அடியில் இருந்து பெட்ரோலை இழுக்க உள்ளே ஒரு குழாய் இறங்குகிறது, பல டேங்குகளில் அதன் வாயில் ஒரு சின்ன வலையும் இருக்கும். மெதுவாகப் போகும்போது எஞ்சின் குடிப்பது குறைவு, இழுப்பும் குறைவு, துரு அடியில் அமைதியாகக் கிடக்கும். வேகம் எடுத்ததும் இழுப்பு கூடுகிறது, துருச் செதில்கள் வந்து குழாய் வாயில் அப்பிக்கொள்கின்றன, எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை. வண்டியை நிறுத்தினால் இழுப்பு நின்றுவிடும், செதில்கள் தானாக உதிர்ந்து கீழே விழும். மறுபடி எழுபதைத் தொடும்வரை வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். வலையையும் தாண்டிப் போகிற பொடித் துரு இன்னொரு வேலை செய்யும்: கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கிற ஃப்ளோட் அறைக்குப் போய், உள்ளே வரும் பெட்ரோலை நிறுத்துகிற ஊசி வால்வு உட்காரும் இடத்தில் சிக்கி, வால்வை முழுதாக மூட விடாது. அப்போது பெட்ரோல் நிரம்பி வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும். இதை வெறும் மைலேஜ் பிரச்சினை என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம், தீப்பிடிக்க இது ஒன்றே போதும்.

சரி, பெட்ரோலுக்குள் இருக்கிற இரும்பு ஏன் துருப்பிடிக்க வேண்டும்? பெட்ரோல் இரும்பை ஒன்றும் செய்யாது. தண்ணீரும் காற்றும் சேர்ந்தால்தான் துரு. டேங்க் மூடியே இருந்தாலும் அது மூச்சு விடுகிறது. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே வரும். குளிர்ந்த தகரத்தில் அந்த ஈரம் வேர்த்து, சொட்டாகத் திரண்டு இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அதனால் நேரே அடிக்குப் போய்த் தங்கிவிடும். அடித்தகடும் அடிமடிப்பும் முதலில் ஓட்டை விழுவது இதனால்தான். பெட்ரோல் மட்டத்துக்கு மேலே வெறும் காற்றில் இருக்கிற சுவரும் கூரையும் தனியாகத் துருப்பிடிக்கும். கால் டேங்க் பெட்ரோலோடு ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்குத்தான் பாதிப்பு அதிகம், தினமும் ஓடுகிற வண்டிக்கு அவ்வளவு இல்லை. மூடியின் கேஸ்கட் காய்ந்து வெடித்திருந்தால் மழைத் தண்ணீரும் நேராக உள்ளே போகும்.

அந்தக் காலத்து டேங்குகள் பலவற்றில் தகட்டின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு உண்டு. நாற்பது வருஷத்தில் அது அங்கங்கே போயிருக்கும், போன இடத்தில் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும், அதனால் உப்பி, செதிலாக உரிந்து, அடியில் இருக்கிற புது இரும்பைக் காற்றுக்கும் ஈரத்துக்கும் திறந்துவிடும். அலுமினியத்தின் மேல் படியும் படலம் அதையே காப்பாற்றும், இரும்பில் அப்படி நடக்காது.

இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நம் பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கியது, 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓரளவு வரை அந்தத் தண்ணீர் பெட்ரோலோடு கலந்தே எரிந்து போய்விடும், அது நல்லதுதான். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோர்த்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். அந்தக் கலவை வெறும் தண்ணீரைவிட மோசமாக உலோகத்தை அரிக்கும். பல வருஷமாகச் சுவரில் ஒட்டியிருந்த பழைய பிசினையும் எத்தனால் இளக்கிவிடும், அதோடு துருவும் சேர்ந்து கிளம்பும். இத்தனை நாள் தொந்தரவு இல்லாத வண்டி திடீரென்று ஃபில்டரை அடைக்கத் தொடங்கினால் இதையும் ஒரு காரணமாக நினைத்துப் பாருங்கள்.

வேலைக்கு இறங்குமுன் ஒன்றை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. எரிவது திரவம் இல்லை, அதன் ஆவி, அதுவும் காற்றோடு சரியான விகிதத்தில் கலந்தால்தான். காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி இருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமே இல்லை. காலி செய்த டேங்கில் இரண்டும் இருக்கின்றன. ஆவி காற்றைவிடக் கனமாக இருப்பதால் தரையோடு தவழ்ந்து தூரத்தில் இருக்கிற பூஜை விளக்கையோ கேஸ் அடுப்பையோ போய்த் தொடும். எனவே கார் ஷெட்டுக்குள் வேண்டாம், பள்ளத்தில் இறங்கியும் வேண்டாம், வெட்டவெளியில் செய்யுங்கள். பேட்டரியின் நெகடிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். ஒயர் போட்ட பல்பு, ட்ரில், வேக்யூம் கிளீனர் எதையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். பவுடர் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பெட்ரோலை எடுக்க நம் ஊரில் டியூபை வாயில் வைத்து இழுப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு வாய் பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிடச் சில சொட்டுகள் நுரையீரலுக்குள் இறங்குவது பயங்கரம், கடுமையான நுரையீரல் அழற்சி வரும், உயிரே போகலாம். யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, வெளியே வரும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். கையால் அழுத்துகிற பிளாஸ்டிக் பம்ப் மலிவாகவே கிடைக்கிறது. சில டேங்குகளில் அடியில் ட்ரெயின் நட்டும் உண்டு.

டேங்கைக் கழற்றுவது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பெட்ரோல் ஊற்றும் குழாயின் ஹோஸ், காற்று போகிற சின்ன டியூப், எஞ்சினுக்குப் போகிற பைப், பெட்ரோல் முள்ளுக்கான ஒயர், பிறகு டேங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். கழற்றும் முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். முள்ளுக்கு அளவு சொல்ல டேங்குக்குள் இருக்கிற முள் யூனிட்டைக் கழற்றும்போது இரும்புச் சுத்தியலும் உளியும் வேண்டாம், பித்தளைத் துண்டோ கட்டையோ வைத்துத் தட்டுங்கள், இரும்பும் இரும்பும் உரசினால் பொறி வரும். அந்த யூனிட்டின் மிதவையைத் தாங்கும் ஃப்ளோட் கம்பி மெல்லியது, வளைந்தால் முள் பொய் சொல்லும்.

இனி முடிவு எடுக்கிற இடம். பலர் உள்ளே எவ்வளவு துரு இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் பார்ப்பது மீதி எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதை. பார்க்கப் பயங்கரமாகச் செக்கச்செவேல் என்று இருக்கிற டேங்க், ஒரு நாள் ஊறினால் தெளிந்து, அடியில் கெட்டியான தகடோடு வரும். மேலோட்டமாகச் சுத்தமாகத் தெரிகிற டேங்க், வெளிப்பக்கத்து அடிமடிப்பில் பெயிண்ட் உப்பியிருக்கிற இடத்தில் விரலை அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உள்ளே போகும். இரண்டையும் நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கத்தை ஒயர் பிரஷ்ஷால் கையாலேயே தேய்த்து, ஸ்குரூ டிரைவர் முனையால் அடித்தகட்டையும் மடிப்பையும் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பாருங்கள். டங் டங் என்று ஒலித்தால் உயிர் இருக்கிறது, மொத் மொத் என்றால் இல்லை. நன்றாகக் கழுவி, காற்றாட வைத்து, பெட்ரோல் வாடை போன பிறகு, இருட்டு அறையில் பேட்டரி டார்ச்சை உள்ளே விட்டு வெளியே இருந்து பாருங்கள். ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி மின்னும். எங்கள் டேங்கில் ஒன்றும் மின்னவில்லை, அதனால் கழுவ முடிவு செய்தோம். ஒன்றிரண்டு மின்னினால் நல்ல ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்துத் தரலாம். வானமே தெரிந்தால் கழுவுவதில் நேரத்தை வீணாக்காமல் வேறு டேங்குக்குப் போய்விடுங்கள். எதுவானாலும் வீட்டில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் மடிப்புக்குள்ளும் துருவுக்குள்ளும் ஊறிய பெட்ரோல், சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும். பட்டறைகளில் வெடித்து உயிர் போவது இப்படித்தான்.

கழுவுவதில் முதல் வேலை துருவை எடுப்பது இல்லை, எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. பிசின் மூடிய துருவுக்குள் எந்த மருந்தும் இறங்காது. வெந்நீரில் சலவை சோடாவும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் கரைத்து ஊற்றி, ஆட்டி, கொட்டி, தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு முறை செய்யுங்கள். அடுத்து உதிர்கிற துருவை உதிர்க்க வேண்டும். நட்டு போல்ட்டோ கருங்கல் ஜல்லியோ போட்டுக் குலுக்குகிறவர்கள் உண்டு. கார் டேங்குக்குள் பெட்ரோல் அலம்பாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் இருக்கும், போட்டதில் பாதி அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். ஒரு மீட்டர் மெல்லிய இரும்புச் சங்கிலி நல்லது, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதாக வந்துவிடும். நட்டுதான் போடுவேன் என்றால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

மிச்சம் ஒட்டியிருப்பதை அமிலம் பார்த்துக்கொள்ளும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிறோமே, அதே வேலைதான். மெல்லிய அமிலம் துருவை வேகமாகவும் நல்ல இரும்பை மெதுவாகவும் கரைக்கும். அந்த வேக வித்தியாசத்தை நம்பித்தான் இது நடக்கிறது. சிட்ரிக் ஆசிட் என் முதல் தேர்வு, எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கடையில் தருவார்கள். லிட்டருக்கு 50 கிராம் போதும். அம்பாசடர் டேங்க் சுமார் 54 லிட்டர், அதனால் 2.7 கிலோ வாங்கினோம். வெந்நீரில் கரைத்து, எல்லா ஓட்டைகளையும் ரப்பர் கார்க்கால் அடைத்து, காற்று போக மேலே ஒரே ஒரு சின்ன வழி விட்டு, விளிம்புவரை நிரப்பினோம். கூரையிலும் துரு இருக்கும், ஆகையால் பாதி ஊற்றிப் புரட்டுவதைவிட நிரப்புவதே மேல். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பாருங்கள். தண்ணீர் மஞ்சளாகி, பச்சை கலந்து, சுவர் சாம்பல் நிறத்தில் தெரியத் தொடங்கினால் முடிந்தது. எங்களுக்குச் சுமார் ஒரு நாள் ஆனது. மறந்து மூன்று நாள் விட்டால் நல்ல இரும்பையும் அது தின்னும். பழைய ஈயப் பூச்சு மிச்சம் இருந்தால் அமிலம் அதையும் தொடும், அதனால் கையுறை போடுங்கள், கழிவைக் கிணற்றுப் பக்கமோ செடிக்கோ ஊற்றாதீர்கள்.

வினிகரும் வேலை செய்யும், ஆனால் 54 லிட்டர் வினிகர் வாங்குவது யோசிக்க வேண்டிய செலவு. சர்க்கரை ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மொலாசஸ் (சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கரும்புப் பாகு) கிடைத்தால், அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து இரண்டு வாரம் ஊற விடலாம். மெதுவாக, இரும்புக்கு அதிகச் சேதமில்லாமல் துருவை எடுக்கும், நாற்றத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். அது ஹைட்ரோகுளோரிக், துருவை அரை மணியில் எடுக்கும், கூடவே தகட்டையும் ஈயம் வைத்த மூட்டுகளையும் அரிக்கும், மிச்சம் தங்குகிற குளோரைடு மறுபடி துருவை வேகமாகக் கூப்பிடும். பேட்டரி சார்ஜர் வைத்து மின்சாரத்தால் துரு எடுக்கிற முறையும் உண்டு. அதில் நேரே எதிரே தெரிகிற பரப்புதான் நன்றாகச் சுத்தமாகும், தடுப்புத் தகடுகளின் முதுகு அப்படியே இருக்கும், ஹைட்ரஜனும் வெளிவரும். முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அமிலத்தைக் கொட்டியதும் உட்கார்ந்து காபி குடிக்க நேரமில்லை. அம்மணமாக நிற்கிற இரும்பு ஈரத்தோடு காற்றைப் பார்த்தால் நிமிஷக் கணக்கில் மஞ்சள் பூக்கும். எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது, ஹோஸைத் தேடிப் போய்த் திரும்புவதற்குள் சாம்பல் நிறச் சுவர் முழுக்க மஞ்சள் தூசி படர்ந்திருந்தது, மறுபடி சிட்ரிக் ஊற்றி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டி வந்தது. இரண்டாவது தடவை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டோம். சமையல் சோடா கரைத்த தண்ணீர் ஒரு வாளி, அமிலத்தை முறிக்க. உடனே நல்ல தண்ணீர். உடனே ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு லிட்டர், மூலை முடுக்கில் இருக்கிற தண்ணீரை இழுத்து வர. அதைக் கொட்டி, காற்றாட நன்றாக உலர விட்டு, ஆல்கஹால் வாடை போன பிறகே ஹேர் டிரையர். காய்ந்ததும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் கலந்து உள்ளே சுழற்றி எல்லாப் பக்கமும் படவிட்டோம்.

துளைகளை அடைத்து இரும்பை மூட டேங்குக்குள் பூசுகிற சீலர் பற்றிப் பலர் கேட்பார்கள். எபாக்ஸி என்கிற, கெட்டியாக இறுகும் பிசின் வகைகள் நன்றாகவே உழைக்கும், எத்தனாலைத் தாங்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்க வேண்டும், பரப்பு துளிகூடப் பிசுக்கோ ஈரமோ இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் ஒரு வருஷத்தில் பாலாடை மாதிரி உரிந்து வந்து குழாயை அடைக்கும், அதைச் சுரண்டி எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பத்து மடங்கு வேலை. கெட்டியான தகட்டுக்கு நான் பூச மாட்டேன். ஊசித் துளைகள் ஒன்றிரண்டு இருந்து, ஈயமும் வைத்து, மனசு கேட்காவிட்டால் பூசலாம். பூசும்போது இழுப்புக் குழாயிலும் காற்றுக் குழாயிலும் காற்று ஊதிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து அடைபடும். இற்றுப்போன தகட்டைச் சீலரால் ஒட்டி ஓட்ட நினைக்கவே கூடாது.

மாற்றுவது என்றால் சென்னைக்காரர்கள் பழைய வண்டிச் சாமான்கள் விற்கிற புதுப்பேட்டையில் தேடலாம். பழைய டேங்க் வாங்கும்போது மேலே சொன்ன ஸ்குரூ டிரைவர் சோதனையைக் கடையிலேயே செய்துவிட்டு வாங்குங்கள், உங்களுடையதைவிட அது மோசமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. புதிதாகச் செய்யச் சொன்னால் சிலர் ஜி.ஐ. தகட்டில் செய்து தருவார்கள், துரு பிடிக்காது என்பார்கள். அதன் துத்தநாகப் பூச்சு எத்தனால் பெட்ரோலுக்கு ஒத்துவராது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். பழைய டேங்கைத் தூக்கிப் போட்டுவிடாமல் மாதிரிக்குக் கொடுங்கள். முள் யூனிட் உட்காரும் உயரமும் கோணமும், இழுப்புக் குழாய் அடிக்கு மேல் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்பதும், காற்றுக் குழாயும், உள்ளே தடுப்புத் தகடுகளும் அதே மாதிரி வர வேண்டும். தடுப்பு இல்லாமல் செய்த டேங்கில் வளைவு திரும்பும்போதெல்லாம் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் தடுமாறும். எடுக்கும் முன் சோப்புத் தண்ணீர் தடவி, சைக்கிள் பம்ப்பால் லேசாகக் காற்று விட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பி.எஸ்.ஐ. போதும், அதற்கு மேல் போனால் டேங்க் உப்பிவிடும்.

டேங்க் புதிதானாலும் பழசானாலும், பழைய லைனை அப்படியே மாட்டினால் செய்ததெல்லாம் வீண். எஞ்சின் வரை போகிற பைப்பைக் காற்றால் ஊதி, ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றி, எஞ்சினில் இருக்கிற பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ராமையும் (பெட்ரோலை இழுக்க உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) பார்த்து, ஃப்ளோட் அறையைக் கழுவி, டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் போடுங்கள். டேங்குக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் முள் யூனிட்டின் எர்த் வருகிற இடத்தை மட்டும் சுரண்டிவிடுங்கள். நாங்கள் அதை மறந்து, முள் வேலை செய்யவில்லை என்று யூனிட்டை இரண்டு முறை கழற்றி மாட்டினோம். முதல் ஃபில்டரை 100 கிலோமீட்டரில் கழற்றியபோது அடியில் ஒரு சிட்டிகைப் பொடி இருந்தது. அடுத்ததை 500-இல் கழற்றி அதே வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்தேன், கிண்ணத்தின் பூ வேலைப்பாடு அடிவரை தெரிந்தது.